காக்கா வராத அமாவாசை

அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். உத்திரமேரூருக்கும் காஞ்சிபுரத்துக்கும் போய்வரும் வண்டியில்தான் என் காலம் பெரும்பாலும் ஓடியது. நாள் முழுக்க ஜனங்களின் நடுவில் நின்று, சில்லறைக்குச் சண்டை போட்டு, "உள்ள போ, உள்ள போ, நடுவுல எடம் கீது" என்று கத்தித் தொண்டை வறண்டவன். ஒரு நாளாவது என்னிடம் யாரும் பேசாமல் இருக்க மாட்டார்களா என்று அப்போது ஏங்கியிருக்கிறேன். இப்போது யாரும் பேசுவதில்லை. நன்றாக அனுபவிக்கிறேன், போதுமா?

மனைவி மாரடைப்பில் போய் மூன்று வருஷம் ஆகிறது. ஒரே மகள் பெங்களூரில் வேலையில் இருக்கிறாள். ஏரிக்கரையை ஒட்டிய தெருவில் நானும் மனைவியும் கடன் வாங்கிக் கட்டிய வீட்டில் இப்போது நான் மட்டும்தான். டிவி பேசும், நான் அதைத் திட்டுவேன். அதை விட்டால் அடுத்த வீட்டு விவசாயியும் அவர் மனைவியும் மதில் மேல் எட்டிப் பார்த்து இரண்டு வார்த்தை கேட்பார்கள். அவ்வளவுதான்.

எனக்குச் சமைக்கத் தெரியாது என்று நினைத்துவிட வேண்டாம். மாதம் ஒரு முறை, அமாவாசையன்று, அவளுக்குப் படைப்பதற்காக நானே சமைப்பேன். சாம்பார், வாழைக்காய் வறுவல், பூசணிக்காய்க் கூட்டு, அவளுக்குப் பிடித்த முருங்கைக்கீரைப் பொரியல், வடை, பாயசம் என்று ஒன்றும் குறை வைக்க மாட்டேன். படத்துக்கு முன்னால் இலை போட்டுக் கற்பூரம் காட்டிவிட்டு, எல்லாவற்றிலும் கொஞ்சம் எடுத்து மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரில் வைத்துக் காக்காயைக் கூப்பிடுவேன். செத்தவர்கள்தான் காக்காயாக வருவார்கள். அது தொட்ட பிறகுதான் வீட்டிலிருப்பவர்கள் சாப்பிட வேண்டும். இந்தப் பக்கம் எல்லா வீட்டிலும் அதுதான் வழக்கம். அன்றைக்கு ஒரு நாள் நானும் மனுஷன் மாதிரி சாப்பிடுவேன்.

மற்ற நாளில் ஒற்றை ஆளுக்கு எதற்கு அடுப்பைப் பற்ற வைப்பது? காலையில் டீயும் பன்னும். மத்தியானம் பசித்தால் பஸ் ஸ்டாண்டில் பரோட்டா சால்னா, பசிக்காவிட்டால் மறுபடியும் டீ. சாயந்தரம் பிஸ்கட். டிரிப்புக்கு நடுவில் நின்றுகொண்டே தின்று பழகிய வயிறு, அது ஒன்றும் கோபித்துக்கொள்ளவில்லை. சர்க்கரை வியாதி வேறு உண்டு. மகள் போன் செய்து "நைனா, இன்னா சாப்ட்ட?" என்று கேட்டால், "சோறு, பருப்பு, கீர. வயிறு முட்டச் சாப்ட்டேன்" என்பேன். அவளும் நம்பினாள்.

போன ஐப்பசி மழையில் ஏரி நிரம்பி, உபரித் தண்ணீர் போகிற கலங்கல் வழிந்தது. ஊரே குடையோடு வேடிக்கை பார்க்கப் போனது. அதே வாரத்தில் தெரு முழுக்க இருமல். முதலில் படுத்தவர் அடுத்த வீட்டுக்காரர்தான். என்னைவிட மூத்தவர். அடுத்து அவர் மனைவி. மூக்கொழுகல், உடம்பு வலி, அனலாகக் காய்ச்சல் என்று சில நாள் கிடந்தார்கள். பிறகு மனிதர் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு கழனிக்குத் தண்ணீர் பார்க்கப் போய்விட்டார். போகிற போக்கில் மதிலோரம் நின்று என்னோடு பேசியதில் எனக்கும் ஒட்டவைத்துவிட்டார். என்னோடு பேசுகிற ஒரே மனுஷன், அவரை எப்படித் திட்டுவது?

காய்ச்சல் வந்தால் வயிற்றைக் காயப்போட வேண்டும் என்பது சின்ன வயதிலிருந்து எனக்குள் ஊறிய பழக்கம். அதனால் அந்த டீயும் பன்னும்கூட நின்றது. சுக்குக் கஷாயம், நிலவேம்புக் குடிநீர், சுடுதண்ணீர். இதிலேயே ஜுரத்தை ஓட்டிவிடலாம் என்று வீம்பாகக் கிடந்தேன். அடுத்த வீட்டம்மா மூக்கையும் வாயையும் முந்தானையால் மூடிக்கொண்டு வாசலில் வந்து நின்றாள்.

"இன்னாண்ணா இப்டி இருமிக்கினு கீறீங்க? ரெண்டு முட்ட அவிச்சி எட்தாரட்டா? எங்க வூட்ல அவருக்கு அதான் குட்த்தேன்."

"ஜுரத்துல எவனாவது முட்டை துன்னுவானா? போம்மா, வேலையப் பாரு" என்று எரிந்து விழுந்தேன். அவள் போன பிறகு இன்னும் கொஞ்ச நேரம் நின்றிருக்கலாமே என்று இருந்தது.

அப்புறம் கட்டிலிலிருந்து பாத்ரூமுக்குப் போய் வருவதற்குள் மூச்சு வாங்க ஆரம்பித்தது. ஒரு நாள் காலையில் வாசல் தெளிக்காமல் கிடப்பதைப் பார்த்து, அந்தம்மா உள்ளே வந்து என் முகத்தைப் பார்த்துவிட்டு அலறினாள். அவள் புருஷன் ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டார். மூக்கில் குழாயோடு மல்லாக்கப் படுத்திருந்த என்னை, நான் காலமெல்லாம் டிக்கெட் கிழித்த அதே ரோட்டில் கொண்டு போனார்கள். வெளியே ஒன்றும் தெரியவில்லை. ஆனால் ஒவ்வொரு வேகத்தடையும், ஒவ்வொரு வளைவும் முதுகுக்குத் தெரிந்தது. மாகறல் ஸ்டாப்பிங் வந்தபோது வாய் தானாக விசிலுக்குக் குவிந்தது. ஊத மூச்சு இல்லை. அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் கேட்ட முதல் கேள்வி, "கூட யாரு இருக்காங்க?" என்பதுதான். "வந்துகினே கீறாங்க" என்றேன். யாரும் வரவில்லை. மகளுக்கு அடுத்த வீட்டுக்காரர் போன் செய்து, அவள் பெங்களூரிலிருந்து பஸ் பிடித்து வர மறுநாள் ஆகிவிட்டது. அதுவரை பக்கத்துக் கட்டில்களில் தூக்குப் பாத்திரம் திறக்கிற சத்தத்தைக் கேட்டபடி படுத்திருந்தேன். ரசத்தின் வாசனை வந்தது. என்னை யாராவது "சாப்ட்டியா?" என்று கேட்டால் போதும் என்று இருந்தது. வெட்கம் எதற்கு, அழுதேன்.

மூச்சு கொஞ்சம் சமாளித்த பிறகு டாக்டரம்மா மகளை வைத்துக்கொண்டே விசாரித்தார். என் மகளைவிட இளையவராக இருப்பார்.

"தினமும் என்னய்யா சாப்பிடுவீங்க?"

"சோறு, பருப்பு, கீர..."

"ரத்தப் பரிசோதனை அப்படிச் சொல்லலையே. ரத்தம் குறைவு, புரதம் குறைவு, சர்க்கரை எக்கச்சக்கம். உண்மையைச் சொல்லுங்க."

சொன்னேன். மகள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அடுத்த வீட்டுக்காரருக்கும் இதே காய்ச்சல்தானே, அவர் மட்டும் எப்படி எழுந்து கழனிக்குப் போனார் என்று ஆத்திரத்தோடு கேட்டேன். டாக்டரம்மா சிரித்தார். "சாப்பாடு மட்டும்தான் காரணம்னு நான் சொல்ல மாட்டேன். உங்களுக்குச் சர்க்கரை இருக்கு, ஒவ்வொரு உடம்பும் ஒவ்வொரு மாதிரி. நல்லா சாப்பிட்டா வைரஸ் வராதுன்னும் கிடையாது. ஆனா வந்தா அதோட மல்லுக்கட்ட உடம்புல தெம்பு வேணும். நீங்க ரொம்ப நாளா அதைப் பட்டினி போட்டிருக்கீங்க. ஜுரம் வந்தப்பவும் அதையே செஞ்சிருக்கீங்க. அடுத்த தடவை இப்படி வந்தா என்ன ஆகும்னு என்னால சொல்ல முடியாது." கஷாயத்தைப் பற்றிக் கேட்டேன். "குடிங்க, சாப்பிட்டுட்டுக் குடிங்க" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் மகள் பெட்டியைத் திறந்து என் வேட்டி சட்டைகளை எடுத்து வைக்க ஆரம்பித்தாள்.

"நீ இனிமே இங்க தனியா இருக்க வேணாம் நைனா. என்னோட வந்துடு. வூட்டப் பூட்டிடலாம்."

எனக்கு வந்ததே கோபம்! "வூட்டப் பூட்டிட்டா உங்கம்மாவுக்கு யாரு எல போடுறது? பெங்களூருக்கு வழி கண்டுபிடிச்சி வருவாளா அவ?" இதைச் சொல்லும்போது இருமல் வந்து பாதியில் நின்றது. மகள் தண்ணீர் கொண்டு வந்தாள். கடைசியில் ஒரு ஒப்பந்தம். வர்ற அமாவாசை வரை நான் இங்கே இருக்கலாம். ஒவ்வொரு வேளையும் வீடியோவில் தட்டைக் காட்டிச் சாப்பிட வேண்டும். ஏமாற்றினால் மறுபேச்சு இல்லாமல் கிளம்ப வேண்டும். அவள் லீவு முடிந்து போனாள்.

சமைத்தேன். அடுத்த வீட்டம்மா கொடுத்த முட்டையை வேகவைத்தேன், பருப்பு கடைந்தேன். ஆனால் உள்ளே இறங்கவில்லை. நாக்கில் ருசி திரும்பவில்லை, அதைவிட அந்தச் சமையலறையில் தனியாக உட்கார்ந்து மெல்லும் சத்தம் எனக்கே பிடிக்கவில்லை. தட்டை மகளுக்குக் காட்டி இரண்டு வாய் போட்டுக்கொள்வேன். போனை வைத்ததும் மிச்சத்தைத் தெருவில் கொட்டிவிடுவேன். தெருநாய் கொழுத்தது.

அமாவாசை வந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டுதான் சமைத்தேன். இலை போட்டுப் படைத்துவிட்டு, படியில் நின்று நின்று மாடிக்கு ஏறிச் சுவரில் சோறு வைத்து, "கா... கா..." என்றேன். குரல் எழும்பவில்லை. ஒரு காக்கா இல்லை. கரண்ட் கம்பியில் இல்லை, எதிர்வீட்டுத் தென்னையில் இல்லை. கீழே வந்து உட்கார்ந்தேன். மறுபடி ஏறினேன். வெயில் தலைக்கு மேலிருந்து சாய ஆரம்பித்துவிட்டது. சோறு அப்படியே காய்ந்து கிடந்தது. அவளுக்கும் நான் வேண்டாம் என்று ஆகிவிட்டது என நினைத்தேன். அந்த நினைப்பைத் தாங்க முடியவில்லை.

மகள் வீடியோவில் வந்தாள். "இன்னுமா சாப்டல? மாத்திர போட வேணாம்?"

"காக்கா வரல."

"நீ சாப்டு நைனா, அது மெதுவா வரும்."

"உங்கம்மா சாப்டாம நான் எப்டிச் சாப்டுறது? கோவமா கீறா போல. அவ தொடாத எலையில நான் போய் கை வக்கணுமா?"

மகள் போனை முகத்துக்குக் கிட்டே கொண்டு வந்தாள். பிறகு கேட்டாள்: "என்னிக்கினா அம்மா உனக்கு முன்னால சாப்ட்டு நீ பாத்துக் கீறியா?"

பார்த்ததில்லை. கடைசி டிரிப் முடிந்து நான் வரும்வரை அவள் சட்டியை மூடி வைத்து உட்கார்ந்திருப்பாள். வண்டி பஞ்சராகி விடியக்காலை வந்த நாளிலும் அப்படித்தான். "துன்னுட்டுப் படுத்தா இன்னா?" என்று நான் கத்துவேன். "நீ மொதல்ல கை கழுவு" என்பாள். இத்தனை வருஷமாக டீயும் பன்னுமாக நான் ஓட்டிய நாளெல்லாம் அவள் எங்கே உட்கார்ந்து காத்திருந்தாளோ.

கை கழுவிவிட்டு வந்து அவள் இலைக்கு முன்னால் உட்கார்ந்தேன். காக்கா தொடாத இலையில் சாப்பிட்டேன். கீரையை மிச்சம் வைக்காமல் வழித்துச் சாப்பிட்டேன். கண்ணீர் பாயசத்தில் விழுந்தது, அதையும் குடித்தேன். மகள் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"நாளிக்கும் இப்டிச் சாப்டுவியா?"

"சாப்டுவேன். இல்லன்னா அவ பட்டினி."

"அப்போ இங்கயே இரு நைனா" என்று சொல்லிவிட்டு அவள் மூக்கை உறிஞ்சினாள்.

சட்டியிலிருந்து புதிதாக ஒரு பிடி சோறு எடுத்துக்கொண்டு மாடிக்கு ஏறினேன். காய்ந்ததைத் தள்ளிவிட்டு அந்த இடத்தில் வைத்தேன். "நான் சாப்ட்டேன்டி," என்றேன், "நீ சாப்டு."