பதினெட்டுத் திரைகள், ஒரு முறைப்பாடு

அந்த மென்பொருள் வெளியீட்டின் நன்றிப் பட்டியலில் என் பெயரும் இருக்கிறது. இணையத்தில் தேடினால் யாரும் பார்க்கலாம். நான் தேடுவதில்லை.

புத்தளம் நகரத்தில் கணினி திருத்தும் கடையொன்றில் வேலை செய்கிறேன். கரைத்தீவிலிருந்து பஸ்ஸில் போய் வருகிறேன். சில வருடங்களுக்கு முன் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தின் கணினி ஆசிரியை, முச்சக்கர வண்டியில் ஒரு கணினியை மடியில் வைத்துக்கொண்டு கடைக்கு வந்தார். உப்புக் காற்று படக்கூடாதென்று அதைத் துவாயால் மூடியிருந்தார்.

"இதைப் போல இன்னும் பதினேழு கிடக்கு தங்கச்சி. எல்லாத்திலயும் வைரஸ். புள்ளைகளுக்குக் கரும்பலகையில கீபோர்டைக் கீறித்தான் படிப்பிக்கிறேன்" என்றார்.

வெளிநாட்டு அலுவலகமொன்று பாவித்து முடித்து அன்பளிப்பாக அனுப்பிய இயந்திரங்கள் அவை. எல்லாம் ஒரே ரகம். திரையில் படத்தை வரைகிற கிராபிக்ஸ் சில்லும் எல்லாவற்றிலும் ஒன்றுதான். உலகத்தின் பல மூலைகளிலிருந்தும் ஆட்கள் சேர்ந்து எழுதி இலவசமாகத் தருகிற இயங்குதளமொன்றை நான் அவற்றில் ஏற்றினேன். நான்கு சனிக்கிழமைகள் எடுத்தன. ஐந்தாவது சனிக்கிழமை டீச்சர் பிள்ளைகளைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். ஒவ்வொருவராகத் தங்கள் பெயரைத் தமிழில் அடித்துவிட்டு, அழிக்க மனமில்லாமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அந்த இயங்குதளத்தில் எனக்கு ஒட்டுதல் வந்தது அப்போதுதான். பிழை கண்டால் அதை உருவாக்குபவர்களின் இணையத்தளத்தில் எழுதிப் போடலாம். பிழையை வழு என்று சொல்வோம். நான் கவனமாக எழுதுவேன். திரையைப் படமெடுத்து, எந்தப் பதிப்பில் தொடங்கியது, எதை அழுத்தினால் நடக்கிறது என்று ஒன்றும் விடாமல் போடுவேன். இரண்டு வருடத்தில் அவர்கள் என்னை ஒரு ஆளாகக் கணக்கெடுத்தார்கள். அடுத்த வெளியீட்டுக்கு முன் வந்து குவிகிற கிராபிக்ஸ் வழுக்களைத் தரம் பிரிக்கும் பொறுப்பு எனக்குக் கிடைத்தது. எது வெளியீட்டை நிறுத்தி வைத்தாவது திருத்த வேண்டியது, எது பிறகு பார்க்கக்கூடியது என்று சொல்வதுதான் வேலை. சம்பளமில்லாத வேலை. ஆனாலும் வாப்பாவிடம் போய்ச் சொன்னேன். மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு, ஒரு பையோடு வந்து அகதி முகாமில் எங்களை வளர்த்த மனிதர். "அப்ப நீ சொன்னா அவங்க கேப்பாங்களா?" என்று கேட்டார். ஓம் என்றேன்.

வெளியீட்டுக்கு ஐந்து வாரம் இருக்கும்போது, பரீட்சார்த்தப் பதிப்பைப் பள்ளிக்கூடத்துக் கணினியொன்றில் போட்டுப் பார்த்தேன். கடவுச்சொல்லை அடித்தவுடன் திரை கறுத்தது. சுட்டியின் வெள்ளை அம்பு மட்டும் அசைந்தது. அடுத்ததில் போட்டேன். அதுவும் அப்படித்தான்.

பழைய பதிப்புக்கும் புதியதுக்கும் இடையில் நூற்றுக்கணக்கான மாற்றங்கள். நடுவிலிருக்கும் ஒன்றை ஏற்றிப் பார்ப்பது. படம் வந்தால் பிந்திய பாதியில் தேடுவது, கறுத்தால் முந்திய பாதியில். இப்படிப் பாதி பாதியாகக் குறைத்து, குற்றவாளியைப் பிடிக்கலாம். கடை முதலாளியிடம் கேட்டு, ஒன்பது நாள் பின்னேரங்களில் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். டீச்சர் வீட்டுக்குப் போகாமல் பிளேன்டீ ஊற்றித் தந்து பக்கத்தில் இருந்தார். கரன்ட் போனால் இருவரும் வாசலில் நின்று களப்புத் தண்ணீரைப் பார்ப்போம். ஒன்பதாம் நாள் பிடித்தேன். யாரோ ஒருவர் நிரலைச் சுத்தம் செய்யும்போது, இந்தச் சில்லுக்காக எழுதியிருந்த ஒன்பது வரிகளை, இனி யாரும் பாவிப்பதில்லை என்ற குறிப்போடு நீக்கியிருந்தார்.

எல்லாவற்றையும் எழுதிப் போட்டேன். வெளியீட்டுப் பொறுப்பாளர் வட ஐரோப்பாவில் எங்கோ இருப்பவர். நான் முகம் பார்த்ததில்லை. அருமையான வேலை என்று பதில் போட்டார். கூடவே, இதுவரை முறைப்பாடு செய்திருப்பது நீங்கள் ஒருவர் மட்டுமே, இன்னும் சிலராவது சொல்லாமல் வெளியீட்டை நிறுத்த முடியாது என்றும் எழுதினார். பதினெட்டு இயந்திரங்கள் என்று நான் எழுதினேன். முறைப்பாடு ஒன்றுதானே என்று பதில் வந்தது.

டீச்சரிடம் சொன்னேன். அவர் யோசித்துவிட்டு, "அப்ப புள்ளைகள் எழுதட்டும். அவங்கதானே பாவிக்கிறாங்க" என்றார்.

மறுநாள் பத்தாம் வகுப்பிலிருந்து பதினொரு பிள்ளைகள் வந்தார்கள். டீச்சரின் போனிலிருந்து இன்டர்நெட் எடுத்து, மின்னஞ்சல் திறந்து, அந்தத் தளத்தில் ஆளுக்கொரு கணக்குத் தொடங்கி, ஆங்கிலத்தில் தாங்களே எழுதினார்கள். எங்கள் பள்ளிக்கூடத்துத் திரை கறுத்துவிட்டது, தயவுசெய்து திருத்தித் தாருங்கள். ஒரு பிள்ளை தன் வயதையும் எழுதியிருந்தாள். நான் பிழை திருத்தவில்லை. திருத்தினால் நான் எழுதியது போலாகிவிடும் என்று நினைத்தேன்.

இரண்டு மணித்தியாலத்தில் அந்தக் கணக்குகள் பதினொன்றையும் மூடிவிட்டார்கள். ஒரே இணைய முகவரியிலிருந்து, ஒரே நேரத்தில், ஒரே மாதிரி எழுதப்பட்டவை, போலி முறைப்பாடுகள் என்று காரணம் போட்டிருந்தது. பொறுப்பாளர் எனக்குத் தனியாக எழுதினார். உங்களிடமிருந்து இதை எதிர்பார்க்கவில்லை என்ற ஒரே வரிதான்.

அவர்கள் உண்மையான பிள்ளைகள் என்று விளக்கி நீளமாக ஒரு கடிதம் எழுதினேன். அனுப்பவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. பிள்ளைகளை நினைத்து வந்த வெட்கமல்ல, அந்தக் கூட்டத்தில் என் மதிப்பு போய்விட்டதே என்ற வெட்கம். இதை இப்போது எழுதுவது லேசாக இருக்கிறது. அப்போது எனக்கே சொல்லிக்கொள்ளவில்லை.

கடைசிக் கூட்டம் ஒரு செவ்வாய்க்கிழமை, அவர்களுக்குக் காலை, எங்களுக்கு அசர் தொழுகைக்கு முன். யாரும் வாயால் கதைப்பதில்லை, எல்லாரும் தட்டச்சு செய்வார்கள். கடையின் பின்னறையிலிருந்து நான் சேர்ந்தேன். புது மடிக்கணினிகளில் திரை துடிக்கிற வழுவொன்று நூற்றுக்கணக்கான முறைப்பாடுகளோடு முதலில் வந்தது. அதற்காக வெளியீட்டை மூன்று நாள் தள்ளி வைத்தார்கள். பிறகு என்னுடையது வந்தது. பொறுப்பாளர் கேட்டார்: தரம் பிரிப்பவர் என்ற முறையில் நீங்கள் சொல்லுங்கள், இதற்காகவும் காத்திருக்க வேண்டுமா?

அவர் நேர்மையாகத்தான் கேட்டார். மற்ற எல்லாரும் காத்திருந்தார்கள். ஓம் என்று ஒரு சொல் அடித்திருந்தால் வாதம் வந்திருக்கும். ஒருவேளை தோற்றிருப்பேன். நான் அடித்தது இது: "பழைய வன்பொருள். பாவிப்பவர்கள் மிகச் சிலர். வெளியீட்டுக்குப் பிறகு பார்க்கலாம்." பக்கச்சார்பில்லாத உங்கள் முடிவுக்கு நன்றி என்று பொறுப்பாளர் எழுதினார். அந்த நன்றி எனக்கு இனித்தது. அதையும் எழுதத்தான் வேண்டும்.

அன்று பின்னேரம் டீச்சரின் வீட்டுக்குப் போனேன்.

"என்ன சொன்னாங்க?"

"கேக்கல்ல டீச்சர். நான் எவ்வளவோ கதைச்சுப் பார்த்தேன். புதுப் பதிப்புக்கு மாறவா எண்டு கொம்பியூட்டர் கேட்டா மட்டும் வேணாமெண்டு அழுத்துங்க. பழசு ஓடும். நான் சோதிச்ச ரெண்டுலயும் பழசையே திருப்பிப் போட்டுத் தாறேன்."

"நீங்க கதைச்சதே பெரிசு" என்றார். இடியப்பம் தந்தார். சாப்பிட்டேன்.

வெளியீடு வந்து இரண்டாவது வாரம் டீச்சர் பயிற்சியொன்றுக்காகக் குருநாகல் போனார். அவருக்குப் பதிலாக வகுப்பைப் பார்த்துக்கொண்ட ஆசிரியருக்கு ஒன்றும் தெரியாது. கணினி கேட்டது, அவர் ஓம் என்று அழுத்தினார். பதினெட்டிலும் அழுத்தினார். வியாழக்கிழமை கல்வி அலுவலகத்திலிருந்து இரண்டு பேர் பரிசோதனைக்கு வந்தபோது, பதினெட்டுத் திரையும் கறுத்து, வெள்ளை அம்போடு நின்றன. பாவனைக்கு உதவாதவை என்று எழுதிக்கொண்டு போனார்கள்.

சனிக்கிழமை பழைய பதிப்பை எடுத்துக்கொண்டு ஓடினேன். பள்ளிக்கூட அதிபர் கணினி அறையைத் திறக்கவில்லை.

"பட்டியல்ல ஏறிட்டு புள்ள. இனி அதுல கை வைக்க எனக்கு அனுமதியில்ல."

"ஒரு மெஷினுக்கு ஒரு மணித்தியாலந்தான் சேர். கெட்டுப்போகல்ல, படந்தான் வருதில்ல."

"அதை அவங்களுக்கு யாரு சொல்றது?"

அடுத்த மாதம் லொறி வந்து பதினெட்டையும் ஏற்றிப் போனது. அந்த அறையில் இப்போது உடைந்த கதிரைகளும் விளையாட்டுப் போட்டிக் கொடிகளும் கிடக்கின்றன.

லொறி போய்ப் பத்து நாளில் வழு திருத்தப்பட்டது. அதே சில்லை வைத்து டிக்கெட் இயந்திரம் செய்கிற கம்பனியொன்று முறையிட்டிருந்தது. ஒரு கம்பனி, ஒரு முறைப்பாடு. நான் பிடித்துக் காட்டிய ஒன்பது வரிகளையும் அப்படியே திருப்பிப் போட்டிருந்தார்கள். ஒரு பகலுக்குள் முடிந்த வேலை.

அந்தத் திட்டத்தில் எதுவும் மறைவாக நடப்பதில்லை. கூட்டங்களில் அடித்த ஒவ்வொரு வரியும் இணையத்தில் கிடக்கும். அதைப் பெருமையாக டீச்சருக்குச் சொல்லியிருந்ததும் நான்தான். நோன்புக்கு முந்திய வாரம் அவர் கடைக்கு வந்தார். போனை எடுத்து மேசையில் வைத்தார். அந்தச் செவ்வாய்க்கிழமைக் கூட்டத்தின் பதிவு திறந்திருந்தது.

"திருத்திட்டாங்களாம் எண்டு கேள்விப்பட்டு, எப்பிடியெண்டு வாசிக்கப் போனேன்" என்றார். "என்ட இங்கிலீஷ் அவ்வளவு காணாது. நான் பிழையா விளங்கிட்டேனோ தெரியா. இது நீங்கதானா?"

"ஓம்."

"மிகச் சிலர் எண்டுதானே போட்டிருக்கீங்க?"

"ஓம் டீச்சர்."

அவர் சத்தம் போடுவார் என்று காத்திருந்தேன். போனை எடுத்துக் கைப்பைக்குள் வைத்தார்.

"அந்தப் பதினொரு பேரும் பதில் வந்ததா எண்டு கேட்டுக்கொண்டே இருந்தாங்க. நீங்க அவங்களுக்காகக் கதைச்சீங்க எண்டு சொல்லித்தான் சமாளிச்சேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்த வெளியீட்டுக்கு என்னை மறுபடி அழைத்தார்கள். முடியாது என்று எழுதினேன், காரணம் எழுதவில்லை. யாரும் கேட்கவுமில்லை. மறுநாளே அந்த இடத்தில் வேறொரு பெயர் இருந்தது. இப்போது அதிகமாகக் கைபேசிகள்தான் திருத்துகிறேன். டீச்சரின் போன் பழுதானால் அவர் எதிர்ப்பக்கத்துக் கடைக்குப் போகிறார். அங்கே நின்று முடியும்வரை காத்திருப்பார். இந்தப் பக்கம் திரும்பினால் எங்கள் கண்ணாடிக் கதவு நேரே தெரியும். அவர் திரும்புவதில்லை.