சிவப்பு அம்பு

கம்பெனியில் அவளுக்குக் கழுகுக்கண்ணு என்று பேர். தைத்து வரும் சட்டையில் ஒரு நூல் பிசிறியிருந்தாலும் அந்த இடத்தில் சிவப்பு அம்பு ஸ்டிக்கரை ஒட்டித் திருப்பி அனுப்பிவிடுவாள். கோளாறான சட்டையைக் கட்டுக்கு அடியில் ஒளித்தவர்களை அவள் வாங்கு வாங்கென்று வாங்கியதெல்லாம் ஊரறிந்த கதை. அப்பேர்ப்பட்ட மகராசிதான் தன் ஸ்கேன் ரிப்போர்ட்டை ஒரு மாதமாகப் பீரோவில் புடவைகளுக்கு அடியில் ஒளித்து வைத்திருந்தாள்.

கல்யாணமாகி நாலு வருஷம், குழந்தை இல்லை. முதலில் புருஷனுக்குத்தான் பரிசோதனை நடந்தது. விந்தணுக்கள் கொஞ்சம் குறைவு என்று மாத்திரை கொடுத்தார்கள். அன்றிலிருந்து மாமியார் பெற்ற மகனையே கரித்துக் கொட்டினாள். மருமகளுக்கு மட்டும் தினமும் ஒரு டம்ளர் பால் ஆற்றிக் கொடுத்தாள். அதே கம்பெனியில் துணி வெட்டும் மாஸ்டரான அவன், குனிந்த தலை நிமிராமல் மாத்திரையை விழுங்கிவிட்டு வேலைக்குக் கிளம்புவான்.

மாதவிலக்கு முடிந்த பிறகும் கறை படுகிறதே என்று அவள் தனியாகப் போய்க் காட்டினாள். ஸ்கேனைப் பார்த்த டாக்டரம்மா, "கர்ப்பப்பைக்குள்ள சின்னதா சதை வளர்ந்திருக்கு. பாலிப்னு சொல்லுவோம். கரு தங்காததுக்கு இதுவும் ஒரு காரணமா இருக்கலாம். கேமரா விட்டுப் பாத்து எடுத்துடலாம், அன்னைக்கே வீட்டுக்குப் போயிடலாம். வீட்டுக்காரரைக் கூட்டிட்டு வாம்மா" என்றார்.

எந்த முகத்தோடு கூப்பிடுவது? சொன்னால் அந்தப் பால் நின்றுவிடும் என்று பயந்தாள். ஒரு டம்ளர் பாலுக்காகப் புருஷனைப் பேச்சு வாங்க விட்டோமே என்று நினைத்தால் உடம்பே கூசியது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் மாமியார் மகனிடம், "பக்கத்து வீட்டுல கேட்டாங்க. கோளாறு எம்மகன்கிட்டதான்னு சொல்லிட்டேன். இந்தப் புள்ளைய ஏன் வீணா பேசணும்?" என்றாள். அவன் சிரித்து மழுப்பப் பார்த்தான், முடியவில்லை. துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போனான்.

அவளுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. வாய்தான் வரவில்லை, கைக்குப் பழக்கம் இருந்தது. ரிப்போர்ட்டை உருவி, கைப்பையில் கிடந்த சிவப்பு அம்பை பாலிப் என்றிருந்த வரிக்கு நேராக ஒட்டி, அவனுடைய மாத்திரை டப்பாவுக்கு அடியில் வைத்தாள்.

வந்தவன் அம்பு காட்டிய வரியை எழுத்துக் கூட்டிப் படித்தான்.

"இதான் காரணமா?"

"இதுவும் இருக்கலாமாம். எடுத்துடலாமாம்."

"எப்போ பாத்தது?"

"ஒரு மாசமாச்சு. நீங்க பேச்சு வாங்குறதப் பாத்துக்கிட்டே இருந்தேன்."

அவன் காகிதத்தை மடித்தான். "தப்பு வெட்டுலயா தையல்லயான்னு கம்பெனில எத்தன தடவ சண்ட போட்டிருப்போம். அங்க ஒருநாளும் நீ மறைச்சதில்லையே" என்றான். அவள் கூனிக்குறுகி நின்றாள்.

பால் டம்ளரோடு வந்த மாமியாரிடம் அவனே விஷயத்தைச் சொன்னான். "நாளைக்கு ரெண்டு பேரும் ஆஸ்பத்திரிக்குப் போறோம்மா."

மாமியார், "ஊரெல்லாம் சொல்லி வச்சுட்டேனேடா" என்றாள். உள்ளே போய் இன்னொரு டம்ளர் எடுத்து வந்து, பாலில் பாதியை அதில் ஊற்றி மகன் பக்கம் நகர்த்தினாள். மூன்று பேரும் பாலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.