கொக்கியின் கழுத்து

எங்கள் அத்தானுக்குத் தொழிற்சாலையில் வைத்த பெயர் ‘விரிசல்’. முகத்துக்கு நேராகவே அப்படிக் கூப்பிடுவார்கள். அவரும் அதைப் பட்டம் மாதிரி சுமந்துகொண்டு திரிந்தார். கிரேன் கொக்கிகளைச் சோதித்து, தேறியது, தேறவில்லை என்று முத்திரை குத்துவது அவர் வேலை. கொக்கியில் காந்தம் ஏற்றுவார். இரும்பின் மேல்பரப்பில் மயிரிழை வெடிப்பு இருந்தால்கூட அந்த இடத்தில் காந்தம் வெளியே கசியும். கையடக்கமான சென்சாரை மேலே நகர்த்திக்கொண்டே போனால், கசிகிற இடத்தில் அது கீச்சென்று கத்தும். சென்சார் வேலை நேரத்தில் மட்டும்தான் கத்தும். அத்தானுக்கு அப்படி நேரம் காலம் எதுவும் கிடையாது.

அக்கா மடித்து வைத்த சட்டையில் மடிப்பு கோணல் என்பார். கதவு சாத்துகிற சத்தம் சரியில்லை என்பார். அதே தொழிற்சாலையின் ஸ்டோரில் எனக்கு வேலை கிடைத்த செய்தியைச் சொல்லப் போனேன். “செருப்பு ஏன் ஒரு பக்கமா தேஞ்சிருக்கு?” என்றார். அக்கா முகத்துக்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

இந்த மனிதரின் மகள் போய், எங்கள் தொழிற்சாலையில் கொக்கிக்குக் கீழே நின்று சரக்குக் கட்டுகிற ஒருவனை விரும்பித் தொலைத்தாள். கட்டினால் அவனைத்தான் கட்டுவேன் என்று ஒற்றைக் காலில் நின்றாள். அத்தான் வேண்டாம் என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம். “இன்னும் பாக்கணும்” என்றார். பையன் நடக்கும்போது இடது தோள் தாழ்கிறதாம். சிரித்தால் ஈறு தெரிகிறதாம்.

“பாத்துக்கிட்டே இருங்கப்பா, எனக்கு நரைச்சிடும்” என்று அழுதாள் அவள்.

“நரைச்சா அதையும் பாப்பாரு” என்றேன் நான். அக்கா என்னை முறைத்தாள்.

கடைசியில் ஒரு விடுமுறை நாள் சாயங்காலம் பையனை வீட்டுக்கு வரச்சொன்னார். அவன் சோபா நுனியில் ஒட்டியும் ஒட்டாமலும் உட்கார்ந்தான். அத்தான் அவன் நகத்திலிருந்து காலர்வரை கண்ணாலேயே தடவிவிட்டு, பத்திரப்படுத்தி வைத்திருந்த கேள்வியை எடுத்து விட்டார்.

“உன் வேலை ஆபத்தானது தம்பி. மேல தொங்குறது விழுந்தா எம் பொண்ணு கதி என்ன?”

பையன் கொஞ்சம்கூடத் தயங்கவில்லை. “விழாது சார். புதுசா மாட்டியிருக்கிற பெரிய கொக்கி நீங்க முத்திரை போட்டதுதானே? அந்த தைரியத்துலதான் கீழ நிக்கிறேன்.”

அத்தானுக்கு முகம் வெளிறிவிட்டது. எழுந்து என்னைச் சமையலறைக்குள் இழுத்துக்கொண்டு போனார்.

“மச்சான், அந்தக் கொக்கிய நான் ஒரு திசையிலதான் பாத்தேன்.”

விஷயம் இதுதான். காந்தம் ஓடுகிற போக்கிலேயே விரிசலும் படுத்திருந்தால் சென்சார் வாயைத் திறக்காது. குறுக்கே வெட்டுகிற விரிசலைத்தான் அது பிடிக்கும். அதனால் ஒவ்வொரு கொக்கியையும் இரண்டு திசையில் காந்தமேற்றிப் பார்க்க வேண்டும். கொக்கி வழியாக நேராக மின்சாரம் விடுவது முதல் முறை. அப்போது காந்தம் கழுத்தைச் சுற்றி ஓடும். இரண்டாவது முறைக்குக் கனமான கேபிளைக் கொக்கியின் மேல் சுற்றிச் சுற்றிக் கட்ட வேண்டும், இடுப்பு ஒடிந்துவிடும். அன்றைக்குப் பார்த்துச் சாப்பாட்டு மணி அடித்துவிட்டது. சட்டை மடிப்பை விடாத மனுஷன் கொக்கியை விட்டுவிட்டார்.

பையனை, “அப்புறம் பாக்கலாம்” என்று அனுப்பிவிட்டார். மகள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அந்தச் சத்தத்தை அத்தான் குறை சொல்லவில்லை.

மறுநாள் முதல் சரக்கு தூக்குவதற்கு முன்பே கொக்கியை இறக்கச் சொன்னார். கேபிள் சுற்ற ஆள் வேண்டும். வந்து நின்றவன் அதே பையன். ஒன்றும் கேட்காமல் சுற்றிக் கொடுத்தான். அத்தான் சென்சாரைக் கழுத்தருகே கொண்டுபோனதும் அது கத்தியது. விலக்கிவிட்டு மறுபடி வைத்தார், மறுபடி கத்தியது. கழுத்தைப் பாதி சுற்றி ஓடியிருந்தது விரிசல்.

“சென்சார் பழசு” என்றார் அத்தான். “அன்னிக்கு வெளிச்சமும் சரியில்ல, ஒரு பக்கம்தான் பாக்க முடிஞ்சுது...”

பையன் கொக்கியையும், தான் வழக்கமாக நிற்கிற தரையையும் மாறி மாறிப் பார்த்தான்.

“சார், நான் தினம் எதுக்குக் கீழ நிக்கிறேனோ அத ஒரு பக்கம் பாத்ததும் பாஸ் பண்ணிட்டீங்க. என்னை மட்டும் இன்னும் எத்தன பக்கம் சுத்திச் சுத்திப் பாப்பீங்க?”

அத்தான் சென்சாரை அணைத்துக் கீழே வைத்தார். வாழ்க்கையில் முதல் தடவையாக அவர்மேல் எனக்கு இரக்கம் வந்தது. ரொம்ப நேரம் நிற்கவில்லை, வந்த சுருக்கில் போய்விட்டது.

சிவப்புப் பெயின்டை எடுத்துக் கொக்கிமேல் பெரிய பெருக்கல் குறி போட்டார். மேனேஜரிடம் போய், தப்பு தன்னுடையது என்று அவரே சொன்னார். திரும்பி வந்து என்னைப் பார்க்காமலே, “உங்க அக்காவுக்குப் போன் போடு. கல்யாணத்துக்கு ஆக வேண்டியதைப் பாக்கச் சொல்லு” என்றார்.

நான் சும்மா இருப்பேனா? “அந்த ஈறு, தோளு எல்லாம் என்னாச்சு அத்தான்?”

தரையில் கிடந்த கொக்கியைவிட்டு அவர் கண்ணை எடுக்கவில்லை.

“அதெல்லாம் வெறும் கீறல்டா” என்றார்.