அளவெடுத்துச் செய்த பச்சைக் கார்

மாசி இரண்டாவது வாரம், வெள்ளிக்கிழமை விடியற்காலை நாலரை மணிக்குக் கொழிஞ்சாம்பாறையிலிருந்து கிளம்பினேன். நான் வாங்கிய கார் யாருக்காகச் செய்யப்பட்டது என்று தெரியாமல் அதில் ஏற மாட்டேன் என்று என் மனைவி சரசாள் சொல்லிவிட்டாள். அவள் ஏறாவிட்டால் நிம்மதிதானே என்று நினைக்கும் ஆண்களே, உங்கள் வீட்டு முகவரியை அனுப்புங்கள், உங்கள் வீட்டு அம்மணியிடம் நான் பேச வேண்டும். எழுபத்தோரு வயதில் நான் கார் வாங்கியதே அவளை ஏற்றிக்கொண்டு சுற்றத்தான்.

சித்தூரில் பழைய வண்டி விற்பவரிடம் வாங்கியது. ஒரு காலத்தில் அது அம்பாசடர். கண்காட்சியில் நிறுத்துவதற்காக யாரோ கூரையை அரையடி வெட்டி இறக்கி, வண்டியையே தரையோடு தாழ்த்தி, ஏலக்காய்ப் பச்சையில் பெயிண்ட் அடித்திருந்தார்கள். வாங்க வந்தவர்கள் எல்லாரும் தலையை இடித்துக்கொண்டு போனார்கள். என் உயரம் நாலடி பத்தங்குலம். ஏறி உட்கார்ந்தேன். பெடல் காலுக்கு எட்டியது, ரோடு கண்ணுக்குத் தெரிந்தது. உட்காரும் இடத்தில் தலையணை போடாமல் நான் ஓட்டிய முதல் வண்டி இதுதான். இடப்பக்க சீட் மட்டும் கிணறு மாதிரி ஆழத்தில் கிடந்தது.

சரசாள் என்னைவிட ஒரு சாண் உயரம். காரைச் சுற்றிவந்து பார்த்தாள்.

“ஏனுங்க, இது ஆருக்கோ அளவெடுத்துத் தெச்ச சட்டையாட்ட இருக்குது. அவிய உசுரோட இருக்கறாங்களான்னு பாத்துட்டு வாங்க. இருந்து, திருப்பிக் கேட்டாங்கன்னா குடுத்துப்போட்டு பஸ்ஸுல வாங்க.”

அந்தக் கடைசி வரிதான் வழியெல்லாம் என்னோடு வந்தது.

பொள்ளாச்சி, பழனி, வத்தலக்குண்டு, தேனி, கம்பம் என்று வழி. பழனி தாண்டும்போது வெயில் ஏறியது. தாழ்ந்த வண்டியில் போனால் ரோடு நம்மை மடியில் வைத்துக்கொண்டு போகிற மாதிரி இருக்கும். புளியமரத்து நிழல்கள் ஒவ்வொன்றாகக் கண்ணாடியில் ஏறி, என் முகத்தைத் தடவிவிட்டுப் பின்னால் இறங்கின. கம்பத்துக்கு முன்னால் திராட்சைப் பந்தல்கள். ஓட்டினேனா மிதந்தேனா என்று சத்தியமாகத் தெரியாது. வேகத்தடை வரும்போது மட்டும் தெரியும். ‘கர்ர்ர்’ என்று வண்டி வயிறு தட்டும்.

குமுளிக்குப் போய்ச் சேர மதியம் இரண்டே கால். மீட்டரில் 252 கிலோமீட்டர். ஆர்.சி. புத்தகத்தில் எனக்கு முந்தைய பெயர் அங்கே ஒரு மசாலாக் கடைக்காரருடையது. சுற்றுலா வருகிறவர்கள் படம் எடுத்துக்கொள்ளக் கடை வாசலில் நிறுத்தி வைத்திருந்தாராம்.

“நீங்க இத ஓட்டியா வந்தீங்க? நான் ஒரே ஒரு தடவ ஏறினேன், நெத்தியில மூணு தையல். வண்டன்மேட்டுல பேச்சியக்கா செஞ்ச வண்டி இது.”

“அந்தம்மா இருக்கறாங்களா?”

“இருக்காவளாவா? போயி பாருங்க, உங்களையே வெல்டு வச்சு விட்டுரும்.”

அன்றிரவு குமுளியில் தங்கினேன். அறை வாடகை தொள்ளாயிரம்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு வண்டன்மேட்டு ரோடு முழுக்க மூடுபனி. ஏலத்தோட்டங்கள் இருக்கின்றன என்று மூக்குதான் சொன்னது. பேச்சியம்மாள் ஏலக்காய் காயவைக்கும் அடுப்பும் குழாயும் பழுது பார்க்கும் பட்டறை நடத்துகிறார். அறுபது வயதிருக்கும். உயரம் சரியாக என் உயரம். என்னைப் பார்த்ததும் சிரித்துவிட்டார்.

“வண்டி சரியான ஆளுட்டத்தான் போயி சேர்ந்திருக்கு!”

பின்னால் வந்த அவர் வீட்டுக்காரர் முத்தையா ஆறடிக்கு மேல். ஜீப் டிரைவர்.

“ஏன் வித்தீங்க?” என்றேன்.

“மலையில செஞ்சேன், மலையில ஓட்ட முடியல அண்ணாச்சி. வளைவுக்கு வளைவு வயிறு தட்டுது. கண்காட்சிக்கும் லாரியில ஏத்தித்தான் கொண்டு போனேன். நானா ஓட்டுனது நாலே நாள்.” பச்சைக் கூரையைக் கையால் துடைத்தார். “சாவியத் தாரீகளா?”

கொடுத்தேன். அவர் ஓட்டும் சீட்டில் ஏறினார்.

நான் இடப்பக்கக் கிணற்றில் இறங்கினேன். ரோடு மறைந்துபோனது. முன் கண்ணாடியில் மரத்துச்சியும் பனியும் மட்டும். வண்டி திரும்புகிறதா நேரே போகிறதா, ஒன்றும் தெரியவில்லை. மேகத்துக்குள் யாரோ என்னைத் தொட்டிலில் போட்டு ஆட்டுகிற மாதிரி இருந்தது.

“இந்த சீட்ட ஏனுங்க இப்படிக் குழியில போட்டீங்க?”

“அவரு உசரத்துக்குன்னு எல்லாருட்டயும் சொல்லி வச்சிருக்கேன். நெசம் அது இல்ல. நான் ஓட்டும்போது பக்கத்துல இருந்து, பிரேக்கு பிரேக்குன்னு உசுர வாங்குவாரு. ரோடு தெரிஞ்சாத்தான கத்துவாரு?”

மூன்று கிலோமீட்டர் போய்த் திரும்பிவந்து நிறுத்தினார். இறங்கிய பிறகும் சாவியை உள்ளங்கைக்குள் மூடிக்கொண்டே நின்றார். நான் மனதுக்குள் பஸ் நேரத்தைக் கணக்குப் போட்டேன்.

“உங்க ஊரு ரோடு எப்படி?”

“நெல்லு வயலுக்கு நடுவுல பதினஞ்சு கிலோமீட்டருங்க. ஒரு மேடு கெடையாது.”

“அப்ப அங்கனயே ஓடட்டும்” என்று சாவியை என் சட்டைப்பையில் போட்டார். முத்தையா அந்தப் பக்கம் திரும்பிப் பனியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இந்த வழியில் போக நினைப்பவர்களுக்கு: போக மட்டும் டீசல் 2,150 ரூபாய். தாழ்ந்த வண்டியென்றால் வேகத்தடையில் சாய்வாக ஏறுங்கள், நேராக ஏறினால் வண்டியின் குடல் ரோட்டில் கிடக்கும். மாற்றம் செய்த வண்டிக்கு அதை ஆர்.சி.யில் பதிந்த காகிதம் கையில் இருக்கட்டும், செக்போஸ்ட்டில் கேட்பார்கள். மூடுபனி வேண்டுமென்றால் எட்டு மணிக்குள் மலைமேல் இருங்கள். பழைய வண்டி வாங்கினால் செய்தவரைத் தேடிப் போய்ப் பாருங்கள். இன்ஜினைப் பற்றி மெக்கானிக் சொல்வார், சீட்டைப் பற்றி அவர்தான் சொல்ல முடியும்.

திங்கட்கிழமை சாயங்காலம் சரசாள் ஏறினாள். தலை இடிக்கவில்லை. நாலு கிலோமீட்டர் வரை ஒரு வார்த்தை இல்லை. நாற்பத்தாறு வருடக் கல்யாண வாழ்க்கையில் இது எனக்குப் புதிது. வானத்தைப் பார்த்துக்கொண்டு கனவில் போகிற மாதிரி வந்தாள். பேச்சியம்மாளை மனதுக்குள் கும்பிட்டேன்.

“ஏனுங்க, பிரேக்கப் புடிங்க. எதுக்க லாரி வருது.”

“உனக்குத்தான் ரோடே தெரியாதே, எப்படிக் கண்ட?”

“லாரி மேல வைக்கப்போரு தெரியுதுங்க.”