யோகராணி அக்காவின் வயலும் ஒரு ரொக்கெட் துண்டும்

போன புதன்கிழமை, பக்கத்து வீட்டு யோகராணி அக்கா வேலியடியில் நின்று ஒரே பிடியாகச் சொன்னார்: "நாளைக்கு நான் வயலுக்கு இறங்கமாட்டன்."

காரணம், போனில் வந்த செய்தி. பழைய ரொக்கெட் துண்டு ஒன்று பூமிக்கு விழப்போகிறதாம். அது வரக்கூடிய பாதைகளில் ஒன்று எங்கள் கிளிநொச்சிக்கு மேலால்!

ஆனால் நாளைக்குத்தான் அருவி வெட்டு, நெல் அறுவடை. விட்டால் மெஷின் அடுத்த ஊருக்குப் போய்விடும். வானமோ மப்பும் மந்தாரமுமாக... ஒரு மழை போதும், இரணைமடுக் குளத்துத் தண்ணீரில் விளைந்த நெல் முழுக்கச் சேற்றில் படுத்துவிடும்.

விஞ்ஞானம் படிப்பிக்கிற நிரோஜா ரீச்சரைக் கூட்டி வந்தேன். எனக்கும் உள்ளூரப் பயம்தான் — அக்காவிடம் சொல்லவில்லை.

"எங்க விழும் ரீச்சர்?"

"அது சரியாத் தெரியாதக்கா. ராடர் அதைக் காணுறதே இடைக்கிடை சில நிமிசம்தான். மிச்சமெல்லாம் கணக்கு. பளையில பஸ்ஸைக் கண்டால், கிளிநொச்சிக்கு எப்ப வருமெண்டு சொல்லுவமெல்லே? ஆனா இந்த பஸ்ஸுக்குக் காத்துத்தான் பிரேக். சூரியன் கொதிச்சா மேல்காத்து உப்பும், பிரேக் இறுகும். அதாலதான் சில மணித்தியாலம் முன்னப்பின்ன எண்டு சொல்லீனம். எங்கட பக்கத்தால வாறதெண்டா, நாளைக்குக் காலமை பத்தே முக்காலுக்கு."

யோசித்துப் பாருங்கள்! ஒன்றரை மணித்தியாலத்தில் உலகையே சுற்றும் இரும்பு. அதைச் சில நிமிடம் பார்த்துவிட்டு மிச்சப் பாதையைச் சொல்கிறார்கள். தங்களுக்கு எவ்வளவு தெரியாது என்பதையும் கணக்காகச் சொல்கிறார்கள். எனக்குப் புல்லரித்தது. நான் எப்போதாவது அப்படிச் சொல்லியிருக்கிறேனா?

அக்கா சொன்னார்:

"சண்டை நேரம் நாங்களும் உந்தக் கணக்குச் செய்தனாங்கள்தானே. அங்கால ஷெல் குத்தி அனுப்புற சத்தம் கேட்டா, பிள்ளையளைப் பதுங்குகுழிக்குள்ள இழுத்துக்கொண்டு எண்ணத் தொடங்குவம். இருவதுக்குள்ள விழேல்லையெண்டா எங்களுக்கில்லை."

ராடர் இல்லை. கொம்பியூட்டர் இல்லை. ஒரேயொரு சத்தம்... அதை வைத்தே கணக்குப் போட்டுப் பிள்ளைகளைக் காப்பாற்றியவர் என் பக்கத்து வீட்டில் இருக்கிறார். இத்தனை வருடமாக எனக்கு இது தெரியாது.

"உந்த விஞ்ஞானியள் முதல் நாளே சொல்லீனம். எங்களுக்கு அப்ப ஆர் சொன்னது?" என்றவர், பெருமூச்சு விட்டார். "நேரம் தெரியுந்தானே, மெஷின்காரத் தம்பியை வரச்சொல்லுங்கோ."

வியாழன் பத்தே முக்காலுக்கு மெஷினை நிறுத்தச் சொன்னார். எல்லோரும் அண்ணாந்தோம். அக்கா மட்டும் நிலத்தைப் பார்த்தபடி வாய்விட்டு எண்ணினார்.

அவர் பன்னிரண்டில் நிற்கும்போது என் போனில் செய்தி. துண்டு ஒரு மணித்தியாலம் முன்பே எங்கோ தூரக் கடலில் விழுந்துவிட்டதாம்! போனை நீட்டினேன். பொறு என்று கையைக் காட்டினார்.

இருபது.

"சரி, எங்களுக்கில்லை. வெட்டுங்கோ."