பொட்டலத்தில் ஒரு வெறும் தாள்

பொட்டலக்காரி என்ற பெயரைச் சின்னவள் முதன்முதலாகக் கேட்டது அச்சகத்து வாசலில். அப்போது அவளுக்குப் பதினாறு வயது. அக்கா மறந்து வைத்துவிட்டுப் போன சாப்பாட்டு டப்பாவைத் தூக்கிக்கொண்டு வேர்க்க விறுவிறுக்கப் போய் நின்றாள். காவல்காரர் டப்பாவையும் பார்த்தார், அவளையும் பார்த்தார்.

“பொட்டலக்காரிக்கா? நேரா போம்மா. காகிதம் வெட்டுற மிஷினுக்குப் பின்னால இருப்பா.”

“இல்லைங்க, எங்க அக்காவுக்கு.”

“அதான் சொல்றேன். உங்க அக்காதான்.”

சின்னவளுக்கு முகம் சுண்டிப்போனது. அன்று மாலை கேட்டாள். அக்கா சிரித்தாள். “தினமும் ஒரு பொட்டலத்தோட வெளிய வர்றேன்ல. அவரு பிரிச்சுப் பாத்துத்தான் விடுவாரு. உள்ள துண்டுக் காகிதத்தைத் தவிர என்ன இருக்கும்? பிரிச்சுப் பிரிச்சு அலுத்துப்போய் பேரை வச்சுட்டாரு.”

பெயர் வீடு வரைக்கும் வந்து உட்கார்ந்துகொண்டது. அத்தானே கூட, “பொட்டலக்காரி, தண்ணி கொண்டா” என்பார்.

அக்கா தங்கை என்றாலும் இருவருக்கும் எட்டு வயது வித்தியாசம். தாய் தகப்பன் அடுத்தடுத்துப் போனபின், கல்யாணமாகிப் போன இடத்துக்குத் தங்கையையும் கையோடு கூட்டி வந்தவள் பொட்டலக்காரி. மூன்று மாடிக் கட்டடத்தில் இரண்டாம் மாடி, இரண்டு அறை, ஒரு கூடம். கட்டிலுக்கு அடியில் காகிதம், அலமாரிக்கு மேலே காகிதம், அரிசி டின்னுக்குப் பின்னாலும் காகிதம். அச்சகத்தில் ஓரம் வெட்டும்போது சுருண்டு விழும் மெல்லிய நாடாக்களைச் சுற்றிச் சுற்றிப் பூவாக்குவாள். அட்டைத் துண்டில் கிரீடம், முகமூடி, காற்றாடி. பழைய நாட்காட்டித் தாளில் வளையம் வளையமாகக் கோத்த சங்கிலி. அந்தக் கட்டடத்தில் எந்தக் குழந்தைக்குப் பிறந்தநாள் வந்தாலும் முதலில் அவளிடம்தான் வருவார்கள். “கடையில வாங்கினது ஒருநாள் கூத்து” என்பாள். “நம்ம கையால செஞ்சா, செய்யற நாலு நாளும் கூத்துதான்.”

காகிதத்தை அவள் எறிந்து யாரும் பார்த்ததில்லை, கசக்கியும் பார்த்ததில்லை. மிட்டாய் சுற்றி வந்த தாளைக்கூட நகத்தால் நீவி மடிப்பெடுத்து வைப்பாள். இதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அவளுக்குக் கல்யாணமாகி எட்டு வருஷம் குழந்தை இல்லை. இருபது வயதில் சின்னவளுக்கு உண்டானது. கட்டிக்கொள்கிறேன் என்று சொன்னவன் வேலைக்கென்று வண்டி ஏறிப் போனவன்தான், திரும்பவே இல்லை. அக்காவும் தங்கையும் ஆறு மாதம் வேறு ஊரில் போய் இருந்துவிட்டு வந்தார்கள். வரும்போது குழந்தை அக்காவின் தோளில் இருந்தது. கட்டடம் முழுக்க வந்து பார்த்து, அப்படியே அம்மா ஜாடை என்றது. ஒரே வயிற்றுச் சகோதரிகள், ஜாடைக்கா பஞ்சம்.

குழந்தை பிறந்த அன்றே அக்கா ஒரு தாளையும் பேனாவையும் நீட்டினாள். பச்சைக் கோடு போட்ட தாள், அச்சகத்தில் மிஞ்சியது.

“எழுதிக் குடுத்துரு. நாளைக்கு மனசு மாறிடுச்சுன்னு நீ வந்து நின்னா நான் உசிரோட இருக்க மாட்டேன்.”

சின்னவள் அழுத்தி அழுத்தி எழுதினாள். இந்தக் குழந்தை இனி அக்காவின் குழந்தை. நான் உரிமை கேட்க மாட்டேன். யாரிடமும் சொல்ல மாட்டேன். நீ கூப்பிட்டால் மட்டும் வருவேன். எழுதி நான்காக மடித்துக் கொடுத்தாள்.

அதை எங்கே வைப்பது? பூட்டு போட்டால் பூட்டைப் பார்த்துச் சந்தேகம் வரும். காகிதத்தைக் காகிதத்துக்குள் ஒளித்துவிட்டாள் பொட்டலக்காரி. கட்டிலுக்கு அடியில் இருந்த பச்சைக் கோட்டுத் தாள் கட்டுக்குள், நடுவாக, எழுத்துப் பக்கம் கீழே இருக்கும்படி விரித்து வைத்தாள். அந்தக் கட்டு வேறு யார் கையும் படாதது. அத்தானுக்கு விஷயம் தெரியும், இடம் தெரியாது. சின்னவளுக்கு இரண்டும் தெரியும்.

சின்னவள் தனி அறை பார்த்துக்கொண்டு மருந்துக்கடை வேலைக்குப் போனாள். ஆனாலும் ஞாயிறு தவறாமல் அக்கா வீட்டில் இருப்பாள். யாரும் கூப்பிட்டதில்லை, அவளும் அதை எண்ணியதில்லை. வாண்டு என்று எல்லோரும் கூப்பிட்ட அந்தப் பெண் குழந்தை ஓடிவந்து “சித்தி” என்று இடுப்பைக் கட்டிக்கொள்ளும்.

வாண்டுவின் பத்தாவது பிறந்தநாளும் ஒரு ஞாயிறுதான். சின்னவள் காலையிலேயே வந்துவிட்டாள். கூடம் முழுக்கக் காகிதச் சங்கிலி. ஜன்னலில் காற்றாடிகள் வரிசையாக நின்றன. காற்றே இல்லை, ஒன்றும் சுற்றவில்லை. பொட்டலக்காரி தரையில் பசைக் கிண்ணத்தோடு உட்கார்ந்து பரிசுப் பொட்டலம் சுற்றிக்கொண்டிருந்தாள்.

அது அவளுடைய கைவண்ணத்தில் பெயர் பெற்றது. நடுவில் ஒரு சின்னப் பரிசு. அதன்மேல் ஒன்பது தாள், ஒன்றின்மேல் ஒன்று. எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து பாட்டு ஓடும்வரை பொட்டலத்தைக் கைமாற்றுவார்கள். பாட்டு நிற்கும்போது யார் கையில் இருக்கிறதோ அவர் ஒரு தாளைப் பிரிக்க வேண்டும். தாளின் உள்பக்கத்தில் எழுதியிருப்பதைச் சத்தமாகப் படித்து, அதன்படி செய்ய வேண்டும். ஒன்பதில் ஒன்று மட்டும் வெறும் தாள். அது வந்தவர் தப்பித்தார். ஆனால் முன்னும் பின்னும் எல்லோருக்கும் காட்ட வேண்டும், ஏமாற்றக்கூடாது. வெறும் தாளுக்கு எழுதுகிற வேலை இல்லை என்பதால் அவள் அதைத் திருப்பிப் பார்க்க மாட்டாள். ஏதாவது ஒரு தாள் கட்டுக்குள்ளிருந்து உருவி, வந்த வாக்கில் பொட்டலத்தின்மேல் போர்த்திச் சுற்றிவிடுவாள்.

அன்றைக்கு விரலெல்லாம் பசை. குனிந்து, கட்டிலுக்கு அடியில் கைவிட்டு, எந்தக் கட்டு என்று பார்க்காமல் நடுவிலிருந்து ஒன்றை இழுத்தாள். பத்து வருஷம் அழுந்திக் கிடந்ததில் மடிப்பு கைக்குத் தட்டுப்படவில்லை. சின்னவள் அப்போது சமையலறையில் தட்டுகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

மூன்று மணிக்கு ஆட்கள் வந்தார்கள். அத்தானின் அக்கா வந்தாள். அவளுக்கு ரேடியோ என்று பெயர். ஒரு சேதி அவள் காதில் விழுந்தால் மாலைக்குள் உறவு முழுக்க ஒலிபரப்பாகிவிடும். கீழ்வீட்டுத் தையல்காரர் வந்தார். வாண்டுவோடு படிக்கும் மூன்று பெண்கள் வந்தார்கள். தலைக்கொரு கிரீடம்.

எப்போதும் பாட்டைப் போட்டு நிறுத்துவது பொட்டலக்காரிதான். வட்டத்துக்கு முதுகு காட்டி நிற்பாள், ஆனால் அலமாரிக் கண்ணாடியில் ஒரு கண் வைத்து, எல்லோருக்கும் ஒரு முறையாவது வரும்படி நிறுத்துவாள். அன்று வாண்டு கைப்பேசியைப் பிடுங்கிக்கொண்டது.

“இந்தத் தடவை நான்தான். அம்மா கண்ணாடியைப் பாத்து ஏமாத்துறாங்க.”

“ஏமாத்தலடி. பங்கு போடறேன்.”

“நான் சுவத்தைப் பாத்துக்கிட்டே நிறுத்துவேன். யாருக்கு வருதோ வரட்டும்.”

பொட்டலக்காரி வட்டத்தில், தங்கைக்கு எதிரே உட்கார்ந்தாள்.

முதல் தாள் தையல்காரருக்கு. பூனை போலக் கத்த வேண்டும். அவர் தொண்டையைச் சரிசெய்துகொண்டு, அளவெடுக்கிற முகத்தோடு ஒரு “மியாவ்” சொன்னார். இரண்டாவது ஒரு சின்னப் பெண்ணுக்கு. மூன்றாவது அத்தானுக்கு, மனைவியைப் பற்றி மூன்று நல்ல வார்த்தை சொல்ல வேண்டும். “ரெண்டு இப்போ, ஒண்ணு கடன்” என்றார். நான்காவது இன்னொரு பெண்ணுக்கு. பிரித்த தாள் ஒவ்வொன்றையும் வாண்டு வந்து வாங்கி, அம்மா பழக்கியபடி மரக்கட்டையால் நீவி அடுக்கியது.

நான்காவது தாள் விலகியதும் சின்னவள் பார்த்தாள். அடியில் பச்சைக் கோட்டுத் தாள். குறுக்கும் நெடுக்குமாகச் சிலுவை போல ஒரு பழைய மடிப்பு. ஓரத்தில், பேனா அழுத்தி மறுபக்கம் புடைத்திருந்த எழுத்து. எழுதின கைக்கு அந்த எழுத்து முதலில் தெரிந்தது, கண்ணுக்கு அப்புறம்தான்.

நிமிர்ந்து அக்காவைப் பார்த்தாள். அக்கா அவள் கண் போன இடத்தைப் பார்த்தாள். அவள் கிரீடம் ஒரு பக்கமாகச் சரிந்தது. அதை நிமிர்த்தக்கூடத் தோன்றவில்லை.

பாட்டு ஆரம்பித்தது.

பொட்டலம் சுற்றியது. தையல்காரர், பெண்கள், அத்தான், அக்கா. அக்கா கையில் ஒரு கணம் அதிகம் நின்றது. “நகர்த்துங்க ஆன்ட்டி” என்றது ஒரு பெண். நகர்த்தினாள். மறுபடி ஒரு சுற்று. சுவரைப் பார்த்து நின்ற வாண்டுவின் கட்டைவிரல் கைப்பேசியின் மேல் இருந்தது. பத்து வயது விரல், நினைத்த இடத்தில் அழுத்தும்.

ரேடியோவிடம் வந்தது. அவள் பக்கத்தில் சின்னவள். அவள் நீட்ட, இவள் தொட, பாட்டு நின்றது.

“எனக்குத்தான்” என்றாள் ரேடியோ.

“இல்ல அண்ணி, எனக்கு.” சின்னவள் இழுத்தாள்.

“என்ன இது, பச்சைக்குழந்தை மாதிரி பிடுங்கறே. உனக்கென்ன பத்து வயசா?”

வாண்டு திரும்பி வந்து, குனிந்து, விரல்களை எண்ணிப் பார்த்தது. “சித்தி கையில எட்டு விரல் இருக்கு. அத்தை கையில மூணு. சித்திதான்.”

சின்னவள் பிரித்தாள். கிழிக்கவில்லை, தோலுரிப்பது போல மெதுவாக எடுத்தாள். முதல் வரியே போதுமாக இருந்தது. ரேடியோ கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிக்கொண்டு சாய்ந்தாள். சின்னவள் தாளை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டாள்.

“சத்தமா படிங்க சித்தி.”

வெறும் தாள் என்று சொல்ல வழியில்லை, காட்டச் சொல்வார்கள்.

“ஒத்தைக் கால்ல நின்னு, இருபதுலேருந்து பின்னால எண்ணணுமாம்.”

எழுந்து நின்றாள். இருபது, பத்தொன்பது, பதினெட்டு. கால் ஆடியது. எல்லோரும் கைதட்டித் தாளம் போட்டார்கள். பத்தில் அவள் குரல் நின்றுவிட்டது.

“ஒன்பது” என்று எடுத்துக்கொடுத்தது வாண்டு. “சொல்லுங்க சித்தி, ஒன்பது.”

சொல்லி முடித்ததும் வாண்டு கையை நீட்டியது. “தாளைக் குடுங்க. நீவணும்.”

அதற்குள் பொட்டலக்காரி எழுந்து வந்துவிட்டாள். தங்கை கையிலிருந்து தாளைப் பறித்து, “பசை ஒட்டிப்போச்சு, குப்பை” என்று சொல்லி, உள்ளங்கையில் வைத்துக் கசக்கினாள். அந்தச் சத்தம் அந்த வீட்டில் யாரும் கேட்டிராத சத்தம். வாண்டு அம்மாவின் முகத்தைப் பார்க்கவில்லை, மூடிய கையை மட்டும் பார்த்தது.

ஆட்டம் தொடர்ந்தது. கடைசித் தாளைப் பிரித்த பெண்ணுக்கு வண்ணப் பென்சில் பெட்டி கிடைத்தது. அந்தக் கலகலப்பில் வாண்டு அடுக்கிய தாள்களை விரலால் எண்ணியது.

“அம்மா, இந்தத் தடவை வெறும் தாளே வரலையே.”

“மறந்துட்டேன்டி.”

“நீங்க மறக்க மாட்டீங்களே.”

பொட்டலக்காரி பசைக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு எழுந்தாள். ஆட்டம் முடிவதற்குள் உள்ளே போய், கசக்கிய தாளை அரிசி டின்னுக்குள் அமுக்கிவிட்டு வந்திருந்தாள். அவளால் அதை எரிக்க முடியவில்லை. தங்கைமேல் அவளுக்கு இருந்த ஒரே பிடி அந்தத் தாள்தான். எல்லோரும் போனபின் டின்னைத் திறந்து தோள்வரை கைவிட்டுத் துழாவினாள். அரிசிதான் இருந்தது.

தங்கைக்குப் போன் செய்தாள். “நீ எடுத்தியா?”

“இல்லக்கா.”

“அவரும் எடுக்கலங்கறார்.”

“அப்ப வாண்டு...” என்று ஆரம்பித்தாள் சின்னவள். அக்கா போனை வைத்துவிட்டாள்.

நாலு நாள் கழித்து அது கிடைத்தது. பச்சைத் தாள் கட்டுக்குள், வைத்திருந்த அதே இடத்தில் இருந்தது. ஒரு சுருக்கமும் விடாமல் கட்டையால் நீவப்பட்டிருந்தது. ஒரே வித்தியாசம், எழுத்துப் பக்கம் மேலே இருந்தது.

மகள் பள்ளிக்கூடம் போய்வந்தாள், சாப்பிட்டாள், பாடம் எழுதினாள். பொட்டலக்காரி எதிரே உட்கார்ந்து அந்தக் கேள்விக்காகக் காத்திருந்தாள். கேள்வி வரவில்லை.

அடுத்த ஞாயிறு சின்னவள் வழக்கம்போலப் போனாள். வாண்டு இடுப்பைக் கட்டிக்கொள்ளவில்லை. ஆனால் மத்தியானம் அவள் கிளம்பியதும், தானே பேருந்து நிறுத்தம் வரை கூட வந்தது. வெயிலில் இருவரும் நின்றார்கள்.

“சித்தி, இனிமே இப்படி வராதீங்க.”

“ஏன்டா கண்ணு?”

“அம்மா கூப்பிட்டா மட்டும் வருவேன்னு எழுதியிருக்கீங்க.” வாண்டு சாலையைப் பார்த்தபடியே சொன்னது. “அம்மா பயப்படறாங்க. நான் படிச்சேன்னு அம்மாகிட்ட சொல்லாதீங்க.”

வண்டி வந்தது. சின்னவள் ஏறிக்கொண்டாள். வாண்டு கையசைத்தது, விருந்தாளிக்கு அசைப்பது போல.

ஒன்பது வருஷம் ஆகிறது. இப்போதெல்லாம் பிறந்தநாள் பொட்டலத்தை மகள்தான் சுற்றுகிறாள். வெறும் தாளை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் வைக்கிறாள். சின்னவளுக்கு வருஷத்துக்கு ஒரு முறை அக்காவிடமிருந்து போன் வரும், “ஞாயித்துக்கிழமை வந்துட்டுப் போ” என்று. பின்னால் நின்று யாரோ ஞாபகப்படுத்துவது கேட்கும்.

பொட்டலக்காரிக்கு ஐம்பது நெருங்குகிறது. அச்சகத்தில் பாதி நாள் வேலை. அதே இரண்டாம் மாடி வீட்டில், பச்சைக் கட்டுக்கு மேலே இருக்கும் அதே கட்டிலில் படுக்கிறாள். மகள் அடுத்த அறையில் இருக்கிறாள்.