வெள்ளையாகக் கிடந்த எங்கள் தீவு

இரண்டு வருடங்களுக்கு முந்திய தை மாதம் அது. நான் ஊர்காவற்றுறையில் ஒரு பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். வீடு அதே தீவில், கரம்பொனில். அந்த மாதம் நடந்ததை இன்றுவரை ஒரே ஒருவரைத் தவிர வேறு யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை. சொல்லாமல் வைத்திருந்தும் மனம் ஆறவில்லை.

அதற்கு முந்திய வருடம் யாழ்ப்பாண நகரில் ஆசிரியர்களுக்கு இரண்டு நாள் பயிற்சிப் பட்டறை ஒன்று வைத்தார்கள். செய்மதிகளில் இருக்கும் கருவிகள், பூமியில் பட்டுத் திரும்பும் வெயிலை அளந்து, காற்றில் ஓசோன் எவ்வளவு, தூசியும் புகையும் எவ்வளவு என்று கணக்கிடுவதைப் பற்றி ஒரு விரிவுரையாளர் விளங்கப்படுத்தினார். அந்தப் படங்களை யாரும் கைத்தொலைபேசியிலேயே பார்க்கலாம் என்றும் காட்டித் தந்தார். நல்ல மனிதர், ஆறுதலாகச் சொல்லித் தந்தார். ஆனால் தீவுப் பகுதி ஆசிரியர்கள் எந்தக் கூட்டத்திலும் கடைசிவரை இருந்ததாகச் சரித்திரம் இல்லை. எங்களுக்குப் பஸ் பிடிக்க வேண்டும். இரண்டாம் நாள் பின்னேரம், கடைசி அரை மணித்தியாலம் இருக்கும்போதே சான்றிதழை முன்கூட்டியே கேட்டு வாங்கிக்கொண்டு, தட்டில் மிஞ்சியிருந்த ரோல்ஸ் ஒன்றையும் கடதாசியில் சுற்றிக்கொண்டு எழும்பி வந்துவிட்டேன்.

வந்த நாளிலிருந்து ஊரில் எனக்கு ஒரு புது மவுசு. அதற்குக் காரணம் பக்கத்து வீட்டு அக்காதான். அவருக்கு நெடுநாளாக முட்டு வருத்தம். கொஞ்சம் புகை பட்டாலே மூச்சு இழுக்கத் தொடங்கிவிடும். கணவர் கடலுக்குப் போகிறவர். பிள்ளைகள் இருவரும் கலியாணம் முடித்து வெளியூரில். கணவர் கொண்டுவரும் மீனில் விற்றது போக மிச்சத்தை வெட்டி உப்புப் போட்டுக் காயவைப்பது அக்காவின் வேலை. நாள் முழுக்க வெளியில் நிற்க வேண்டும். அதனால் காற்று எப்படி என்று அவருக்குத் தெரியவேண்டியிருந்தது. கேட்பதற்குத்தான் நான் இருந்தேனே!

ஒவ்வொரு நாளும் விடிய, நான் பாடசாலைக்கு வெளிக்கிடும் நேரம் படலையடியில் வந்து நிற்பார்.

"ரீச்சர், இண்டைக்கு எப்பிடிக் கிடக்கு?"

நான் கைத்தொலைபேசியைத் திறப்பேன். ஓசோன் படத்தில் எங்கள் தீவு, கடல், இந்தியா எல்லாம் நிறத்தால் மூடியிருக்கும். அடுத்தது தூசிப் படம். அதில் நீலம் என்றால் கொஞ்சம், சிவப்பு என்றால் அதிகம். எங்கள் தீவுகளும் சுற்றியுள்ள ஆழமில்லாத பரவைக் கடலும் மட்டும் வெள்ளையாகக் கிடக்கும். நீலத்துக்கே கொஞ்சம் என்றால் வெள்ளைக்கு ஒன்றுமே இல்லை என்றுதானே அர்த்தம்? நானாகவே முடிவு கட்டிக்கொண்டேன். யாரிடமும் கேட்கவில்லை. கேட்டால் எனக்குத் தெரியாது என்று ஆகிவிடுமே.

"எங்கட தீவுக்கு மேல ஒண்டும் இல்லை அக்கா, பயப்பிடாதேங்கோ" என்பேன். அவர் முகம் தெளிந்துவிடும். அந்த முகத்தைப் பார்க்க எனக்கும் ஒரு பெருமை. இதை ஒளிக்காமல் சொல்கிறேன், அந்தப் பெருமைக்காகவே சில நாட்கள் படலையடியில் அவர் வரும்வரை காத்து நின்றிருக்கிறேன்.

தை பிறந்து சில நாட்களில் வடக்கிலிருந்து ஒரு மந்தாரம் வந்து இறங்கியது. சூரியன் பத்து மணிக்கும் மங்கலாகவே இருந்தது. உடுப்பு காயவில்லை. நான் அதைப் பனிப்புகார் என்று நினைத்தேன். மூன்றாம் நாள் விடிய அக்கா படலையடிக்கு வந்தபோது கணவரும் கூட வந்தார். கடலால் வந்து இன்னும் உடுப்பு மாற்றவில்லை. அக்காவின் நெஞ்சு ஏறி இறங்குவது சட்டைக்கு மேலாலேயே தெரிந்தது.

"துறையில நிண்டு பாத்தா முன்னுக்கு இருக்கிற காரைநகரே தெரியேல்லை ரீச்சர். இவவுக்கும் விடியத் தொடக்கம் இழுக்குது. பம்ப் அடிச்சும் கேக்கேல்லை. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போவமெண்டு பாக்கிறன்" என்றார்.

அக்கா அவரைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தார். "ஒரு கூடை மீன் வெட்டாமக் கிடக்கு. இப்ப போனா எல்லாம் பழுதாப் போயிடும். நீங்கள் ஒருக்காப் பாத்துச் சொல்லுங்கோ ரீச்சர்."

பார்த்தேன். இந்தியக் கரை சிவப்பு. நடுக்கடல் செம்மஞ்சள். எங்கள் தீவு வெள்ளை.

"தூசி எல்லாம் அங்காலதான் நிக்குது. இது வெறும் பனி. வெயில் ஏறச் சரிவரும்" என்றேன். கணவரிடம் படத்தையும் காட்டினேன். அவர் கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு, "ஓம், படிச்ச நீங்கள் சொல்லுறியள்" என்று திரும்பிவிட்டார். அக்கா மீன் வெட்டப் போனார். நான் பஸ் ஏறினேன்.

பின்னேரம் நான் திரும்பி வந்தபோது அவர்கள் வீட்டில் ஒருவரும் இல்லை. பாதி மீன் வெட்டியும் பாதி வெட்டாமலும் கிடந்தது, காகங்கள் இழுத்துக்கொண்டிருந்தன. மத்தியானம் அக்கா முற்றத்திலேயே மூச்சடைத்து விழுந்துவிட்டாராம். ஓட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். அங்கிருந்து அம்புலன்சில் யாழ்ப்பாணம் அனுப்பியிருக்கிறார்கள். வழியில் மண்டைதீவைத் தாண்டும்போது மூச்சு நின்றுவிட்டது.

செத்தவீட்டில் அக்காவின் கணவர் வந்தவர்களுக்கு எல்லாம் என்னைக் காட்டி, "இவதான் ஒவ்வொரு நாளும் என்ர மனிசிக்குக் காத்துப் பாத்துச் சொன்ன ரீச்சர். பெத்த தாய் மாதிரிப் பாத்தவ" என்றார். என்னால் அங்கே இருக்கவும் ஏலவில்லை, எழும்பிப் போகவும் ஏலவில்லை. எல்லோருக்கும் கண் எரிந்து நீர் வடிந்துகொண்டிருந்தது. அழுகையால் மட்டும் அல்ல, காற்றில் புகை அவ்வளவு கனமாக இருந்தது. நான் ஒதுங்கிப் போய்க் கைத்தொலைபேசியைத் திறந்தேன். தீவு வெள்ளையாகவே கிடந்தது.

இவ்வளவு புகைக்குள்ளும் வெள்ளையா என்று அப்போதுதான் எனக்குச் சந்தேகம் வந்தது. அங்கேயே நின்று பழைய படங்களைப் பின்னோக்கித் தட்டிப் பார்த்தேன். போன கிழமை வெள்ளை. போன மாதம் வெள்ளை. மழை நாளிலும் வெள்ளை, நல்ல வெயிலிலும் வெள்ளை.

அந்த விரிவுரையாளருக்கு எழுதிக் கேட்டேன். அடுத்த நாளே பதில் போட்டார். வெள்ளை என்றால் அளவு எடுக்கவில்லை என்று அர்த்தமாம். உங்கள் தீவுகள் சின்னவை, சுற்றிவர ஆழமில்லாத கடல். அடியில் உள்ள மணலும் கலங்கலும் வெயிலைத் திருப்பி அனுப்புவதால் எது தூசி, எது கடல் என்று அந்தக் கருவியால் பிரிக்க ஏலாது, அதனால் அந்த இடத்தை விட்டுவிடும் என்று எழுதியிருந்தார். பட்டறையின் கடைசி அரை மணித்தியாலத்தில் உங்கள் தீவையே உதாரணமாகக் காட்டினேனே என்றும் மரியாதையாகச் சேர்த்திருந்தார். போதாக்குறைக்கு, விடிய நான் பார்த்தது முதல் நாள் மத்தியானம் எடுத்த படமாம்.

அந்தக் கருவி எங்கள் தீவைப் பற்றி ஒரு நாளும் ஒன்றும் சொன்னதில்லை. சொன்னதெல்லாம் நான்.

முப்பத்தோராம் நாள் பூசை முடிந்து சனம் கலைந்த பிறகு, அக்காவின் கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கத்துவார், அடிக்கக்கூட வருவார் என்று நினைத்துத்தான் போனேன். அவர் கதிரையில் இருந்தபடியே கேட்டார்.

"எனக்கு இந்தப் படம் ஒண்டும் விளங்காது ரீச்சர்" என்றார் கடைசியில். "ஆனா அண்டைக்கு நீங்கள் தெரியாதெண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருந்தாக் காணும். நான் அவவைக் கொண்டுபோயிருப்பன்."

பிறகு எழும்பி உள்ளே போய்விட்டார். இன்றுவரை என்னோடு பேசுவதில்லை. கோயிலில் கண்டால் தலையை மட்டும் ஆட்டுவார்.

கருவியில் பிழை இல்லை. தெரியாத இடத்தைத் தெரியாது என்று வெறுமையாக விட்டுவிடும் யோக்கியம் அந்த இயந்திரத்துக்கு இருந்தது. பதினெட்டு வருடமாகக் கரும்பலகைக்கு முன்னால் நிற்கும் எனக்கு அது இருக்கவில்லை. பிள்ளைகள் கேட்கும் எந்தக் கேள்விக்கும் வாய்க்கு வந்த ஒரு பதிலைச் சொல்லிச் சமாளித்தே பழகிவிட்டேன், அந்தப் பழக்கத்தோடுதான் அன்றும் படலையடியில் நின்றேன். இப்போது வகுப்பில் "எனக்குத் தெரியாது, பார்த்துச் சொல்கிறேன்" என்று சொல்கிறேன். அதிபர் ஆசிரியைக்கு அடக்கம் வந்துவிட்டது என்று பாராட்டுகிறார். அந்த ஒரு சொல் என் வாயில் வருவதற்கு ஒருத்தி சாக வேண்டியிருந்தது என்று அவருக்கு யார் சொல்வது?